பாகூர் ஏரியில் ஊறும் படகு

1

1954 மார்ச் 23, செவ்வாய். மாலை ஆறு மணிக்கு என் சகலை வேலாயுதம் பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். ஏழரைக்குப் புறப்பட்டார்.

மார்ச் 24. காலையில் இருவர் வந்து, அவர் வந்தாரா, எங்கே போனார் என்று கேட்டனர். விடை சொன்னேன். அன்று பகல் மடுகரைச் சாலையில் அவர் பிடிபட்டார்.

மே 3. நாற்பது நாள் காவலுக்குப் பின் விடுவிக்கப்பட்டார்.

நவம்பர் 1. புதுச்சேரியின் நிர்வாகம் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

1955 டிசம்பர். என் மனைவி தனபாக்கியத்துக்கு முதுகெலும்பில் நோய் என்று மருத்துவர் கண்டறிந்தார். வண்டிப் பயணம் கூடாது என்றார்.

1956 பிப்ரவரி. வீட்டில் படகு வேலை தொடங்கியது. நீளம் 3.60 மீட்டர், நடு அகலம் 1.20.

டிசம்பர் 10. இரு பக்கங்களும் அளக்கப்பட்டன. வேறுபாடு 9 மில்லிமீட்டர். மறுநாள் பலகைகள் கழற்றப்பட்டன.

1958 ஜனவரி 20, திங்கள். படகு ஏரியில் இறக்கப்பட்டது. கசிந்தது. மறுநாள் மூழ்க வைக்கப்பட்டது.

ஜனவரி 27, திங்கள். முற்பகல் பதினோரு மணிக்குத் தனபாக்கியம் காலமானாள். வயது ஐம்பத்திரண்டு.

1959 செப்டம்பர். நான் பிரான்சின் துலோன் நகருக்கு வந்து சேர்ந்தேன்.

1962 ஆகஸ்ட் 16. ஒப்படைப்பு உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

இவற்றில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் என் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

2

துலோனில் நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடியில். படிகள் எழுபத்திரண்டு. காலை ஏழு மணிக்கு ரொட்டி வாங்க இறங்குவதும், நான்கரைக்குப் பேத்தி லலிதாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் என் பொறுப்புகள். இடைப்பட்ட நேரம் முழுவதும் என்னுடையது என்று மகள் மங்கை சொல்கிறாள். அந்த நேரத்தில் பெரும்பகுதி படியேறுவதிலும் ஏறிய பின் மூச்சு வாங்குவதிலும் கழிகிறது. மருமகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் முகத்தைப் பகலில் பார்க்கலாம்.

ரொட்டிக் கடைக்காரிக்கு என் பிரெஞ்சு பிடித்திருக்கிறது. முப்பத்தோராண்டு புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்தவன் நான். மொழியைப் புத்தகங்களிலிருந்து கற்றவன். ஒரு நாள் அவள், வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி, "இவர் ரொட்டி கேட்டால் தீர்ப்பு வாசிப்பதுபோல இருக்கிறது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தீங்கில்லாத சிரிப்புதான். மறுநாளிலிருந்து நான் விரலை மட்டும் காட்டுகிறேன். இரண்டு விரல் என்றால் இரண்டு ரொட்டி.

செப்டம்பர் இறுதியில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவள் பூங்காவனம், என் மனைவியின் தங்கை, வேலாயுதத்தின் மனைவி. பாகூர் ஏரியின் மேலண்டைக் கரையிலுள்ள சிற்றூரில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பம். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்.

"மாமாவுக்குப் பூங்காவனம் எழுதிக்கிறது. நாங்க நல்லா இருக்கோம். மங்கையும் புள்ளையும் நல்லா இருக்குதா. ஏரிய ஆழம் பண்ணப் போறாங்களாம். உள்ள கெடக்கிற கட்ட மட்ட எல்லாத்தையும் எடுத்துக்கணும்னு தண்டோரா போட்டாங்க. உங்க படகு வெச்ச எடத்துலியே கெடக்குது. வெறகுக்கு ஒடச்சிக்கிறோம்னு ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. ஒடைக்க உடல. இன்னா பண்றதுன்னு உங்கள கேட்டு எழுதச் சொன்னாரு. அவுருதான் சொன்னாரு."

கடைசி வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். எட்டரை ஆண்டுகளில் வேலாயுதத்திடமிருந்து எனக்கு வந்த முதல் செய்தி அது.

மங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எந்தப் படகுப்பா? நம்மகிட்ட படகு இருந்துச்சா?"

அவள் 1953இலேயே கணவனோடு கடல் கடந்துவிட்டவள். இருந்தது என்றேன்.

"யாரு வாங்கினது?"

"நான் கட்டினேன்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். "நீங்களா? ஆணி அடிக்கணும்னாக்கூட அம்மாவத்தானே கூப்பிடுவீங்க."

லலிதா, கடிதம் யாருடையது என்று பிரெஞ்சில் கேட்டாள். சின்னப் பாட்டியுடையது என்றேன். சின்னப் பாட்டி என்றால் வயதில் சின்னவளா, உயரத்தில் சின்னவளா என்றாள். இங்கே அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி அனைவருக்கும் ஒரே சொல்தான். அம்மாவைப் பெற்ற பாட்டியின் தங்கை என்று விளக்கத் தொடங்கினேன். வாக்கியம் முடிவதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

3

அடுத்த வாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நம் பக்கத்தில் இன்னமும் மேரி என்றுதான் அதைச் சொல்கிறோம். புதுச்சேரியில் பிறந்து இங்கே வாழ்பவர்கள் உடன்படிக்கைப்படி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அங்கிருந்த எழுத்தர் இளைஞர், பொறுமையானவர். நான் ஒன்றும் செய்யாமலிருந்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிப்பேன் என்றார். இந்தியக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள், அதாவது வரும் பிப்ரவரி நடுவுக்குள், எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். "ஊருக்குத் திரும்பிப் போய் வாழும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், ஐயா" என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்து, இந்தியாவில் எனக்குச் சொத்து உண்டா என்று கேட்டார். வீட்டை விற்றாயிற்று என்றேன். வேறு?

"ஒரு படகு."

"எந்தத் துறைமுகத்தில் பதிவு செய்தது?"

"பதிவு இல்லை. ஏரியில் இருக்கிறது."

"மிதக்கும் நிலையிலா?"

"மூழ்கிய நிலையில்."

"அப்படியானால் சேதமடைந்தது என்று குறித்துக்கொள்கிறேன்."

"சேதமில்லை. ஊறுவதற்காக வைக்கப்பட்டது."

"எப்போது?"

"நான்கு ஆண்டு எட்டு மாதத்துக்கு முன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பின்னர், பிறர் காதில் விழாதபடி, எவ்வளவு நாள் ஊற வேண்டும் என்று கேட்டார். எட்டு நாள் என்றேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது.

4

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்தில் இதைப் பத்திரிகையில் படிக்கப்போகிறவர்களுக்கு 1954ஐப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவோடு இணைப்பு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே குடும்பத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்த காலம் அது. வேலாயுதம் வேண்டும் என்றவர். கூட்டங்களுக்குப் போவார், மடுகரையில் நண்பர் வீட்டில் தங்குவார். நான் எந்தப் பக்கமும் பேசியதில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குபவன் பேசக்கூடாது என்பது என் கொள்கை. அது கொள்கைதானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அன்று காலை வந்த இருவரும் பிரெஞ்சு அரசின் காவலர்கள்; மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"முசியே, உங்க சகலை வந்தாரா?"

"வந்தார்."

"எப்ப போனாரு?"

"ஏழரைக்கு."

"எந்தப் பக்கம்?"

"மடுகரைக்கு."

அவர்கள் போன பிறகு தனபாக்கியம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தெரியுமே" என்றேன்.

அந்த விடையில் எனக்கு அன்று எந்தக் குறையும் தெரியவில்லை. எவருக்கும் நன்மை கருதியோ தீமை கருதியோ நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னேன். முப்பத்தோராண்டு நான் மாணவர்களிடம் எதிர்பார்த்ததும் அதுதான்.

வேலாயுதத்தின் கரும்பு அப்போது வெட்டும் பருவத்தில் இருந்தது. காவலில் இருப்பவனின் கரும்புக் கொல்லையில் இறங்க ஆட்கள் பயந்தார்கள். பூங்காவனம் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடிந்த மட்டும் வெட்டி ஆலைக்குக் கொண்டுபோனாள். மீதி பூத்து, நின்ற நிலையில் காய்ந்தது. வேலாயுதம் வீடு திரும்பிய மறுவாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே பேசினாள்.

"அக்கா, ஒம் மேல எனக்கு வருத்தம் ஒன்னும் இல்ல. ஒன்னப் பாக்கணும்னு தோணினா எங்க வூட்டுக்கு வா. இந்த வாசப்படிய மட்டும் இனிமே நான் மிதிக்க மாட்டேன்."

நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

5

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு தனபாக்கியம் மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். முதுகு நோய் வந்ததும் அது நின்றது. வண்டியில் ஒரு குலுக்கல் போதும், இரண்டு காலும் போய்விடும் என்றார் மருத்துவர். வீட்டுக்குள் இருபது முப்பது எட்டு வைப்பாள். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் பலகைக் கட்டிலில் படுத்திருப்பாள்.

நான்கு ஆட்களைப் பிடித்துக் கட்டிலோடு தூக்கிப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பொணம் போற மாரி நாலு பேரு தூக்கிக்கினு, நான் தங்கச்சி வூட்டுக்குப் போவணுமா?" என்றாள். "அவ பாத்தா அங்கியே வுழுந்துடுவா."

வீட்டுக்குப் பின்னால் முப்பது எட்டு தூரத்தில் ஏரிக்கரை. கார்த்திகை, மார்கழியில் ஏரி நிறைந்தால் நேர் எதிரே மேலண்டைக் கரையில் வேலாயுதத்தின் கொல்லை வரை தண்ணீர் போகும். ஏரியில் மீன் பிடிப்பவர்கள் மிதவைக் கட்டைகள்தான் வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்புவரை நனையும். ஒரு நாள் ஏரியைப் பார்த்தபடி அவள்தான் சொன்னாள்: "தண்ணி மேல போனா குலுங்காது இல்ல?"

அன்றுதான் எனக்கு எண்ணம் வந்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன். உடன் பணியாற்றிய பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய சஞ்சிகைகளில், தட்டை அடியுள்ள சிறு படகொன்றை வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் விவரம் வரைபடத்தோடு வந்திருந்தது. தச்சரை வைத்துச் செய்யலாமே என்றார்கள். வரைபடத்தை நான் படித்துச் சொல்லி இன்னொருவர் செய்வதில் பிழை வரும் என்று கருதினேன்.

வேலையைத் தொடங்குமுன் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். ஒரே ஒரு முறைதான். "நீங்க ஒரு தடவ அங்க போயிட்டு வாங்களேன்."

"போய்?"

"போயிட்டு வாங்க. அவ்ளோதான்."

முதலில் படகு முடியட்டும் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

வரைபடத்தை முழு அளவில் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். வேறு இடத்தில் அவ்வளவு நீளம் கிடையாது. கோடுகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயின. வீடு பெருக்க வந்தவளிடம் தண்ணீர் தெளிக்காதே என்று சொல்லி வைத்தேன். தனபாக்கியம் தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்ப நான் ஏறிக் குந்திட்டேன். தள்ளுங்க, போவலாம்" என்றாள்.

கரிக்கலாம்பாக்கத்தில் காற்றில் சாய்ந்த பெரிய மாமரம் ஒன்றை வாங்கி அங்கேயே பலகையாக அறுக்கச் சொன்னேன். உள்சட்டங்களுக்குப் புன்னை. உளி பிடிக்கத் தெரியாத கை என்னுடையது. முதல் மாதம் இடது கட்டைவிரல் நகம் இரண்டு முறை போயிற்று. எழுத்தை அழிக்கலாம், மரத்தை அழிக்க முடியாது என்பதைப் பிந்தித்தான் உணர்ந்தேன். நூல் பிடித்துக் கோடு போடும்போது மறுமுனையைக் கட்டிலிலிருந்தபடி அவள் பிடிப்பாள். "இழுங்க" என்பாள். "விடுங்க" என்பாள். எங்கள் மணவாழ்வில் அவ்வளவு நேரம் ஒரே காரியத்தில் ஒன்றாக இருந்ததில்லை. படகு உருவாகத் தொடங்கியதும் வேலையைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றினேன். கட்டிலையும் கதவோரம் நகர்த்தச் சொன்னாள்.

6

1956 டிசம்பரில் ஏரி நிறைந்தது. படகும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பலகைகள் பொருத்தப்பட்டு, ஆணிகள் அறையப்பட்டு, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது மட்டும் பாக்கி. தை பிறந்ததும் அக்கரைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருபவள் அஞ்சலை. கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் கணவன் படகு பழுது பார்ப்பவன். கூடையோடு பாகூர் வந்து, ஏரிக்கரை வழியே மேலண்டை ஊர்களுக்கும் போவாள். அக்காவின் செய்தி தங்கைக்கும் தங்கையின் செய்தி அக்காவுக்கும் அவள் கூடையில்தான் போய் வந்தன. அவள் படகைச் சுற்றி வந்து, பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆவுதே வாத்தியாரய்யா. நான் கூட நீங்க சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

டிசம்பர் பத்தாம் நாள் நான் அளந்தேன். நடுச்சட்டத்தில், மையக் கோட்டிலிருந்து இடப்பக்கம் அறுநூறு மில்லிமீட்டர். வலப்பக்கம் அறுநூற்றொன்பது. மூன்று முறை அளந்தேன்.

தனபாக்கியத்திடம் சொன்னேன்.

"ஒம்போது மில்லிமீட்டர்னா எவ்ளோ?"

விரலிடையில் காட்டினேன்.

"இவ்ளோதானா? நான் இந்தாண்ட சாஞ்சி குந்திக்கிறேன். சரியாப் பூடும்."

வரைபடத்தின் கீழே இரு பக்கமும் சமமாக இருப்பது இன்றியமையாதது என்று அச்சிட்டிருந்தது. அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். மறுநாள் காலை ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். முதல் ஆணியின் சத்தம் கேட்டதும் கதவோரத்திலிருந்த கட்டிலைக் கூடத்துக்கே தள்ளச் சொல்லிவிட்டாள் என்பதைப் பெருக்குபவள் பிறகு கூறினாள்.

பிடுங்கியதில் பலகைகள் பிளந்தன. புதிய பலகைகள் அறுத்து வாங்கி, ஈரம் காயும்வரை பொறுக்காமல் பொருத்தினேன். அதற்குள் சித்திரை வந்து ஏரி வற்றிவிட்டது. கத்திரி வெயிலில் படகு கொட்டகையில் கிடந்தது. ஈரமரம் காய்ந்து சுருங்கியது. இடுக்குகள் விரிந்தன. மேலும் பஞ்சு திணித்து, மேலும் பூசினேன். வெளியே வண்ணம் அடித்ததும் ஒன்றும் தெரியவில்லை. இரு பக்கங்களும் இம்முறை மில்லிமீட்டர் பிசகாமல் சமமாக இருந்தன.

அந்த ஆண்டு அவள் மிகவும் இளைத்தாள். வீட்டுக்குள் வைத்த எட்டுகள் முப்பதிலிருந்து பதினைந்தாயின. கரைவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக அவளே ஒப்புக்கொண்டாள்.

7

1958 ஜனவரி 20, திங்கட்கிழமை. அன்று வருகிறேன் என்று தனபாக்கியம் அஞ்சலையிடம் தங்கைக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு அது தெரியாது. முதலில் வெற்றுப்படகை இறக்கிச் சோதித்துவிட்டு, மறுநாள் அவளை ஏற்றுவது என்பது என் திட்டம். விடியற்காலையிலேயே நீலப் புடைவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். சோதனைதான் இன்றைக்கு என்றேன். "பரவால்ல. கட்டினது கட்டினதுதானே" என்றாள்.

ஆறு பேர் தூக்கிப் போய் இறக்கினோம். பத்து நிமிடத்தில் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லா இடுக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. கரையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மேலண்டை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அஞ்சலை மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தாள்.

"இன்னா வாத்தியாரய்யா, படகு கட்டச் சொன்னா சல்லட கட்டியிருக்கீங்க?"

கட்டிய முறையில் பிழையில்லை என்றேன்.

"யாரு பெசகுன்னா? வெயில்ல போட்டு வெச்சிருந்தா எந்தப் படகும் இப்பிடித்தான். முழுக்கிடுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"கல்லு போட்டு முழுக்கி வைங்க. எட்டு நாளு அடியில கெடக்கட்டும். கட்ட தண்ணி குடிச்சி ஊதிக்கும். சந்து தானா மூடிக்கும். எங்க ஆளு எல்லாப் படகுக்கும் அப்பிடித்தான் பண்ணும். புஸ்தகத்துல போடலியா இத?"

புத்தகத்தில் இல்லை. இரண்டாண்டு கட்டியதை என் கையாலேயே மூழ்கடிப்பதை ஏற்க ஒரு பகலும் ஓரிரவும் பிடித்தன. மறுநாள் காலை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு கல்லாக உள்ளே வைத்தேன். விளிம்புவரை தண்ணீர் வந்தபோது படகு அசையாமல் நேராகக் கீழே இறங்கியது.

தனபாக்கியத்திடம் வெள்ளிக்கிழமை, அதாவது முப்பத்தோராம் தேதி போகலாம் என்றேன். "இந்த வாட்டி நெசமா?" என்று கேட்டாள். நிச்சயம் என்றேன். அஞ்சலையிடம் மீண்டும் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை காய்ச்சல் கண்டது. மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். திங்கட்கிழமை முற்பகல், தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்தபோது குடிக்கும் நிலையில் இல்லை.

8

செய்தி போய்ச் சேர்ந்த ஒன்றரை மணி நேரத்தில் பூங்காவனம் வந்துவிட்டாள். ஏரிக்கரையில் நடந்து அல்ல. ஓடி வந்தாள் என்றார்கள். வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்தாள். வேலாயுதமும் வந்தார். பாடையின் முன்பக்கம் வலத்தோள் கொடுத்தார். நான் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்ததால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டி வரவில்லை.

மூன்றாம் நாள், பால் தெளித்துத் திரும்பியபின், வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. பூங்காவனம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வர்றேன்னு அக்கா சொல்லி அனுப்புச்சி மாமா. மொத திங்கக்கெழம. காலையிலேந்து பொழுது சாயற மட்டும் தண்ணிகிட்டயே நின்னுக்கினு இருந்தேன். கொழுக்கட்ட பண்ணி வெச்சிருந்தேன். அதுக்குப் புடிக்கும்."

படகு கசிந்தது என்றேன். இடுக்குகள் விரிந்துவிட்டன, எட்டு நாள் ஊற வேண்டியிருந்தது என்றேன். விவரமாகவே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"படகு எதுக்கு மாமா?"

அவளே தொடர்ந்தாள்.

"ரெண்டு வருஷம் இந்தாண்ட டங்கு டங்குன்னு தட்டிக்கினு இருந்தீங்களே, காத்து அடிச்சா எங்க கொல்ல வரிக்கும் கேக்கும். அவுரு ஏரு ஓட்டிக்கினே கேட்டுக்கினு இருப்பாரு. நடந்தா ரெண்டு மணி நேரம். நீங்க ஒரு நட வந்து, நான் சொன்னது தப்புதான், வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே ஓடியாந்திருப்பன். அக்காவ நான் பாத்துக்கினு இங்கியே கெடந்திருப்பன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. எழுந்து, அக்காவின் நீலப் புடைவையை மடித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன்.

நான் சொன்னது உண்மை. அதை எப்படித் தவறு என்று சொல்வது என்பது மட்டுமே அந்த நான்காண்டும் எனக்கிருந்த தடை. தனபாக்கியம் அதை அறிந்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். கணவன் தன் தங்கை வீட்டுக்கு நடந்து போக மாட்டான் என்பது தெரிந்து, அவன் கட்ட முன்வந்த படகுக்கு நூல் பிடித்துக் கொடுத்தாள்.

அந்தக் கோடையில், ஏரி வற்றிய பின், ஒரு காலை கரையேறி, உள்ளே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சேறு வெடித்துக் காய்ந்த தரையில் படகு நேராக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஈரமே இல்லை. படகுக்குள் முக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கற்கள் அடியில் தெளிவாகத் தெரிந்தன. குனிந்து பக்கப் பலகைகளின் அடிப்பகுதியை வெளியிலிருந்து தடவினேன். கை நனையவில்லை. எல்லா இடுக்குகளும் மூடியிருந்தன. தண்ணீரை இறைக்காமல், கற்களை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு வீட்டை விற்றுக் கப்பலேறினேன். போகும் வழியில் மேலண்டை ஊருக்குப் போய் விடைபெறலாம் என்று மங்கைக்கு எழுதியிருந்தேன். போகவில்லை.

9

இன்று ஞாயிறு. மருமகன் லலிதாவைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். மங்கை துணி மடிக்கிறாள். சித்திக்குப் பதில் எழுதிவிட்டீர்களா என்று இருமுறை கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இந்தப் பக்கங்களைப் பார்த்து, இவ்வளவு நீளமாகவா என்றாள். "படகைக் குடுத்துடுங்கன்னு ஒரு வரி எழுதினாப் போதாதாப்பா?" என்றாள். போதாது என்றேன். அவளுக்கு நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. தன் சித்தி ஏன் நான்காண்டு எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது.

எழுத்தர் கொடுத்த தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இந்தியக் குடியுரிமை கோரிக் கையொப்பமிட்டால் ஊருக்குப் போய் இருக்கலாம். எழுபத்திரண்டு படிகள் ஏறுவது மிச்சம். இடாவிட்டால், வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும். உட்கார்ந்திருப்பது எனக்குக் கடினமான காரியமே அல்ல.

செய்யாமல் கிடப்பவை:

படகை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று பூங்காவனத்துக்குப் பதில்.

பிப்ரவரி நடுவுக்குள் அந்தத் தாளில் ஆம் அல்லது இல்லை.

1954 மார்ச்சில் நடந்ததை மங்கையிடம் சொல்வது.

இதை அச்சுக்கு அனுப்பும் முன், இதில் பூங்காவனம் கேட்ட அந்த ஒரே ஒரு வரியை மட்டும் தனித்தாளில் வேலாயுதத்துக்கு எழுதுவது. நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் "நான் அன்று சொன்னது உண்மையே ஆயினும்" என்றே தொடங்கியது.